வலைப்பந்துக்கு விதித்த இரண்டு வருடத் தடை

எனக்கு வலைப்பந்து விளையாடத் தெரியாது. படிக்கிற காலத்தில் ஒரு நாள்கூட அந்தப் பந்தைக் கையில் எடுத்ததில்லை. கணிதம் படிப்பிக்கிற என்னை யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளின் பெண்கள் வலைப்பந்துக் குழுவுக்குச் செயலாளராகப் போட்டதற்கு இரண்டு காரணங்கள்தான். எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்த ஆசிரியை கனடாவிலிருந்த மகனிடம் போய்விட்டார். அடுத்தது, என்னுடைய கையெழுத்து தெளிவானது. மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. தட்டச்சு யந்திரத்துக்கு ரிபன் கிடையாது. கடிதம், கூட்டக் குறிப்பு, போட்டி அட்டவணை எல்லாம் கையால்தான். அதுவும் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில்.

இது தொண்ணூற்றிரண்டில். நான் கோப்பாயில் இருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போய்ப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவர் கொழும்பில் வேலையில் அகப்பட்டுப்போனார். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும். காலையில் கிணற்றில் அள்ளி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காற்று நிற்காத ரயருடன் நாலைந்து மைல் மிதித்துப் போய்ப் படிப்பித்து, திரும்புகிற வழியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வந்தால், பிறகு பேசுவதற்கே மனம் வராது. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குப் பயம் ஞாபகம் வருவது குறைவு. களைப்புத்தான் ஞாபகம் வரும்.

அந்த வருடம் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் இறுதிப் போட்டியில் நகரத்தின் பெரிய கல்லூரியொன்றை, வலிகாமத்தின் உட்புறத்திலிருந்த, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஒரு சின்னக் கலவன் பாடசாலை வென்றது. யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாடசாலை அதற்கு முன்னர் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. அவர்களிடம் ஒரு உயரமான பெண் இருந்தாள். வளையத்தின் கீழே கோல் சூட்டராக நிற்பாள். பந்து அவள் கைக்குப் போனால் எதிரணிப் பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் பார்ப்பார்கள், அவள் அவசரப்படமாட்டாள். ஒரு கணம் வளையத்தைப் பார்ப்பாள், பந்தை விடுவாள், பந்து விழுந்ததா என்று பார்க்காமலே திரும்பி நடப்பாள். விளையாட்டுத் தெரியாத எனக்கே அது பிடித்திருந்தது. புள்ளி எழுதிக்கொண்டிருந்த நான் இரண்டு தரம் எழுத மறந்து பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

மூன்றாம் நாள் முறைப்பாடு வந்தது. தோற்ற கல்லூரியின் அதிபர் எழுதியிருந்தார். அந்தப் பெண் வென்ற பாடசாலையின் மாணவியே இல்லை என்பதுதான் முறைப்பாடு.

விஷயம் இதுதான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் முழுக்க எழும்பி வந்தபோது பள்ளிக்கூடங்களும் எழும்பி வந்தன. கட்டடத்தை விட்டுவிட்டு, அதிபரும் ஆசிரியர்களும் வரவு பதிகிற இடாப்புகளும் பிள்ளைகளுமாக வந்தன. அப்படி வந்த ஒரு பாடசாலை இந்தக் கலவன் பாடசாலையின் கட்டடத்தில் பின்னேரங்களில் நடந்தது. காலையில் ஒரு பள்ளிக்கூடம், அது கலைந்ததும் அதே வாங்குகளில் இன்னொரு பள்ளிக்கூடம். அந்த உயரமான பெண் பின்னேரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. விளையாடியது காலைப் பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் விதிப்படி விளையாடுகிறவள் அந்தப் பாடசாலையின் இடாப்பில் இருக்க வேண்டும். அந்த மூன்று மாதத் தவணையில் முக்கால்வாசி நாளாவது வந்திருக்க வேண்டும்.

விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் ஓய்வுபெற்ற ஒரு அதிபர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர். ஐந்து நிமிடம் பிந்தி வந்த ஆசிரியரை வாசலில் நிறுத்தி வைத்தவர் என்று பெயர். அவர் ஒரு சதம் பிழையாக எடுத்ததாகவோ, ஒருவருக்கு ஒரு சலுகை செய்ததாகவோ யாரும் சொல்ல முடியாது. இரண்டாமவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்த விளையாட்டுப் பயிற்றுநர், முப்பது வயதிருக்கும். மூன்றாவது நான்.

இடாப்பைப் பார்க்கப் போனது நான் மட்டும்தான். தலைவருக்குச் சைக்கிள் மிதிக்க ஏலாது. பயிற்றுநருக்கு அன்று காய்ச்சல்.

காலைப் பள்ளிக்கூடத்து அதிபர் மரியாதையாக வரவேற்றுப் பனங்கட்டித் துண்டுடன் பிளேன்ரீ தந்தார். இடாப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண்ணின் பெயர் கடைசியில் இருந்தது. தவணை முழுக்க வரவு. மாதிரி இடாப்புப் போல ஒழுங்காக இருந்தது. நான் மூடிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கணக்குத் தாள் திருத்துகிற கண் சும்மா இருக்காது. குண்டு போடுகிற பொம்மர் வந்துபோன ஒரு நாளுக்கு நேரே சிவப்பு மையால் மேலிருந்து கீழே கோடு இழுத்து, பாடசாலை நடைபெறவில்லை என்று எழுதியிருந்தது. எல்லாப் பெயர்களுக்கும் அந்தக் கட்டம் வெறுமை. கடைசிப் பெயருக்கு மட்டும் கோட்டுக்கு மேலேயே நீல மையில் வரவு விழுந்திருந்தது. யாரோ ஒரே இருப்பில் இருந்து, ஒரே பேனையால், மூன்று மாதத்தையும் நிரப்பியிருக்கிறார்கள்.

விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியையைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். இடாப்பைத் திருப்பிக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை. கதிரையில் இருந்து, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஓம் ரீச்சர். நான்தான் போட்டனான்" என்றார். "பின்னேரப் பள்ளிக்கூடத்தில பந்தும் இல்லை, ரீமும் இல்லை. அவள் எங்கடை பிள்ளையள் பழகிறதை வேலிக்கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிப்பாள். ஒருநாள் பந்து வெளியில போக எடுத்து எறிஞ்சாள். அப்பதான் கண்டனான்."

முறைப்படி மாற்றி எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டுப் பார்த்ததாகச் சொன்னார். பின்னேர அதிபர் விடுகைப் பத்திரம் கொடுக்க மறுத்துவிட்டாராம். அவரிடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. விளையாட்டுச் சான்றிதழ் ஒன்று இருந்தால் பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு உதவும் என்று யோசித்தேன் என்றார். வெல்லவும் ஆசைதான் என்பதையும் அவரே சொன்னார். அதைச் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன்.

மத்தியானம் வரை இருந்து அந்தப் பெண்ணையும் கண்டேன். பின்னேரப் பள்ளிக்கூடத்துக்கு வந்த அவள், என்னைப் புள்ளி எழுதுகிறவர் என்று அடையாளம் கண்டு சிரித்தாள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"உம்மடை பேர் காலமை இடாப்பில இருக்கிறது உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது ரீச்சர். அந்த ரீச்சர் விளையாட வா எண்டவ. விளையாடினன்."

மற்றப் பிள்ளைகளுக்கும் பிரச்சினை வருமா என்று கேட்டாள். குழுதான் முடிவெடுக்கும் என்றேன். அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

கூட்டம் அடுத்த கிழமை திருநெல்வேலியில், சந்தைக்குப் பின்னால் ஒரு வாசிகசாலையின் அறையில் நடந்தது. நான் கண்டதை வாசித்தேன். வெற்றியைப் பறிப்பதில் மூவருக்கும் வித்தியாசமான கருத்து இல்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்பதில்தான் இழுபட்டது. பிழை விட்ட ஆசிரியையை மூன்று வருடத்துக்கு எந்த அணிக்கும் பொறுப்பாக விடக்கூடாது, அத்துடன் விடுங்கள் என்றார் பயிற்றுநர். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆசிரியை தனியே இடாப்பு எழுத முடியாது, அதிபர் கண்ணை மூடியிருக்கிறார், பாடசாலைதான் கோப்பையை வாங்கியது, பாடசாலைதான் தண்டனையை வாங்க வேண்டும் என்றார். எல்லா வயதுப் பிரிவுக்கும் இரண்டு வருடத் தடை.

"சின்னப் பிள்ளையள் என்ன செய்தவை, சேர்?" என்று பயிற்றுநர் கேட்டார்.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "தம்பி, இண்டைக்கு இஞ்சை எல்லாம் குழம்பிப் போய்க் கிடக்கு. கட்டடம் இல்லை, கொப்பி இல்லை. எங்களிட்டை மிஞ்சியிருக்கிறது விதி ஒண்டுதான். அதையும் விட்டால் பிறகு என்னத்தைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயிற்றுநர் சொன்னதிலும் இருந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நேரம் நாலு மணி தாண்டியிருந்தது. எங்கோ ஹெலி சுற்றுகிற சத்தம் கேட்டது. இளையவனுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம்; பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். சைக்கிளின் பின் ரயர் காற்றுப் போயிருந்தது, உருட்டித்தான் போகவேண்டும். இன்னொரு பயமும் இருந்தது. போன வருடம் நான் படிப்பிக்கிற கல்லூரியின் அணியிலும், உயர்தரப் பரீட்சை எழுதி விலகிய ஒரு பிள்ளை விளையாடியிருந்தாள். எனக்கு அது தெரியும். யாரும் முறைப்பாடு செய்யாததால் நானும் பேசாமல் இருந்தேன். இப்போது இரக்கம் காட்டிப் பேசினால், தங்கள் கல்லூரியின் பிழையை மூடிமறைக்கத்தான் பேசுகிறாள் என்று யாராவது கிளறுவார்கள் என்று நினைத்தேன்.

"தலைவர் சொன்னபடி போடுவம்" என்றேன்.

அந்த முடிவை எழுதியதும் நான்தான். நல்ல கையெழுத்தில், ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதி, மூன்று பேரும் கையொப்பம் வைத்தோம். வெளியே வந்ததும் பயிற்றுநர் பலாலி வீதி வரை என் சைக்கிளைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து தந்துவிட்டுப் போனார்.

கடிதம் போய் ஒரு கிழமைக்குள் நாலு பிள்ளைகள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சீருடை, இரண்டு சைக்கிள். எல்லோருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயது. பதினைந்து வயதுக்குட்பட்ட அணியின் தலைவி என்று ஒருத்தி தன்னை அறிமுகப்படுத்தினாள். மெலிந்த பிள்ளை, பேசுவதை வரும் வழியில் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லை, ரீச்சர்" என்றாள். "அந்த அக்கா விளையாடினது பெரிய ரீமிலை. அவையள் எல்லாரும் வாற வருசம் பள்ளிக்கூடத்திலையே இல்லை. தடை முடியேக்கை எங்களுக்கு வயசு போயிடும்."

கணக்குச் சரியாக இருந்தது. நான் அவர்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தேன், சீனி போதவில்லை. குழுவின் முடிவைத் தனியே நான் மாற்ற முடியாது என்று விளக்கினேன். ஒரு பாடசாலையின் பெயர் எல்லாருடைய பெயரும்தான் என்று தலைவர் சொன்னதை என் வார்த்தை போலச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீங்கள் எந்தப் பக்கம் சொன்னனீங்கள், ரீச்சர்?" என்றாள்.

முடிவு எல்லாருடையதும் என்றேன். அவள் தலையாட்டினாள். குவளைகளைத் தாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியதைப் பிந்தித்தான் செய்தேன். அடுத்த வருடப் போட்டிகள் தொடங்குமுன், சின்னப் பிரிவுகளுக்கு மட்டும் தடையை நீக்கும்படி ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். சலரோகம், இன்சுலின் மருந்துக்குத் தட்டுப்பாடு, ஒரு கால் வீங்கியிருந்தது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார். "நீங்கள் மற்றப் பக்கம் நிண்டிருந்தால் நான் விட்டிருப்பன். இரண்டுக்கு ஒண்டு எண்டால் அதுதான் விதி. இப்ப மாத்தினால், ஆரோ வந்து கேட்டதாலை மாத்தினது எண்டு ஆகும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். போகும்போது, உங்கள் பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். அந்த வருடக் கடைசியில் அவர் இறந்துபோனார்.

தடை விதித்த முதல் வருடம் அந்த நாலு பிள்ளைகளும் போட்டி பார்க்க வந்தார்கள். மைதானத்து வேலியோரம் புல்லில் இருந்து, தங்களுக்குள் குசுகுசுத்து, யார் எங்கே பிழை விடுகிறார்கள் என்று கணித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாம் வருடம் அவர்கள் வரவில்லை.

ஆனால் அந்த இரண்டாம் வருடம் இன்னொருவரைக் கண்டேன். இடாப்பில் வரவு போட்ட ஆசிரியை. மாற்றம் வாங்கி நகரத்தில் ஒரு கல்லூரிக்கு வந்திருந்தார். கழுத்தில் விசில், கையில் புது அணி. எங்கள் முடிவில் பாடசாலைக்குத் தடை இருந்தது. அவருக்கு எந்தத் தடையும் இல்லை. பயிற்றுநர் அன்று சொன்னதை நாங்கள் எழுதவேயில்லை. அவருடைய புதுக் கல்லூரி அரையிறுதி வரை வந்தது.

இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார்.

"என்னைக் காண உங்களுக்கு ஒருமாதிரி இருக்கும்" என்றார். "எனக்கும் அப்பிடித்தான். அந்தப் பிள்ளையளிட்டை ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வருவம் எண்டு ஒவ்வொரு கிழமையும் நினைப்பன். போக மனம் வரேல்லை."

நானும் போகவில்லை என்றேன். நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து மீதி ஆட்டத்தைப் பார்த்தோம். அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

தடை தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் முடிந்தது. அப்போது சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த சில மாதங்கள். சவர்க்காரமும் பற்றரியும் கடைகளில் கண்ணுக்குத் தெரிந்தன. எல்லாப் பாடசாலைகளும் விண்ணப்பம் அனுப்பின. அந்தப் பாடசாலையிலிருந்து மட்டும் வரவில்லை. விண்ணப்பப் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். அதே அதிபர்தான் இருந்தார். பிளேன்ரீ தந்தார், இந்தமுறை சீனி போட்டது.

விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்றார். பந்து வெடித்துப் போய்விட்டது. வளையக் கம்பம் இரண்டையும் பங்கர் குழிக்கு மேலே குறுக்கே போட எடுத்துவிட்டார்கள். அந்தச் சின்ன அணிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். ஒருத்தி தாயுடன் கொழும்புக்குப் போய்விட்டாள். இரண்டு பேர் சாதாரணதரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறார்கள்.

"அந்த ரீமின்ரை தலைவி?" என்றேன்.

"அவள் போன வருசம் போயிட்டாள்" என்றார்.

எங்கே என்று கேட்கிற வழக்கம் அந்த நாளில் எங்களிடம் இல்லை. போய்விட்டாள் என்றால் சண்டைக்கு, இயக்கத்துக்கு. விளையாட விட்டிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. விளையாடிய பிள்ளைகளும் போனார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்றோ இல்லையென்றோ எந்த இடாப்பைப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அன்று திரும்பி வரும்போது இருபாலைச் சந்தியில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தெரிந்த ஒருவர் ரயர் காற்றுப் போய்விட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

படிவத்தை அதிபர் நிரப்பவில்லை. அந்த வருடப் போட்டியும் முதல் சுற்றோடு நின்றது. சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி மழைக்குள் நடந்தது. நானும் இரண்டு பிள்ளைகளும் நடந்தோம்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குப் பதினொரு குடும்பம். இரண்டாம் நாள் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் ஒரு பெண் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. திரும்பியதும் தெரிந்துவிட்டது. அவளும் என்னை அடையாளம் கண்டாள்.

கலியாணம் முடித்து இரண்டு வருடமாம். புருசன் லொறியில் போகிறவர், கிளாலிப் பக்கம் நிற்கிறார், இன்னும் வந்து சேரவில்லை என்றாள். இது அவளுக்கு எத்தனையாவது இடம்பெயர்வு என்று கேட்டேன். ஐந்து என்றாள். ஆசிரியர் பயிற்சி பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் வாளியைத் தன் வாளிக்கு முன்னால் இழுத்து வைத்தாள்; நான் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

வரிசை கொஞ்சம் நகர்ந்த பிறகு, "அந்தச் சின்னப் பிள்ளையள் பிறகு விளையாடினவையோ, ரீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "விளையாடேல்லை. நான்தான் அதுக்குக் கையெழுத்து வைச்சனான். வேண்டாமெண்டு சொல்லியிருந்தால் அந்தத் தடை வந்திருக்காது."

மூன்று வருடத்தில் இதை நான் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பார்த்துவிட்டுக் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்வாளோ என்றும் பயந்தேன். இரண்டையும் அவள் செய்யவில்லை.

"நான் கனநாளா என்னாலை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள்.

முன்னால் நின்றவர் வாளியை எடுத்தார். எங்கள் முறை வந்தது. அவள் குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு வாளியையும் குனிந்து நிரப்பினாள்.